டிஸ்க் திடீரென நிரம்பிவிட்டதா? லாக் ஃபைலைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கும் தம்பியின் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில், காலையிலேயே 'இடமில்லை' என்ற எச்சரிக்கை. பார்த்தால் வார் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் ஃபோல்டரில் சிஸ்லாக் (சிஸ்டத்தில் நடப்பதை எழுதிவைக்கும் லாக் ஃபைல்) மட்டும் 40 ஜிபி!

பதறிப்போய் டெலீட் செய்யாதீர்கள். அந்த ஃபைலை சிஸ்டம் திறந்தே வைத்திருப்பதால் பெயர்தான் மறையும், இடம் உடனே திரும்பக் கிடைக்காது. முதலில் டெயில் கமாண்டால் கடைசி 20 வரிகளைப் படியுங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் பிரச்சினை அங்கேதான். தம்பியின் கடையில், தளர்ந்துபோன யுஎஸ்பி கேபிள் ஒன்று நொடிக்கு நொடி பிழையைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

சரி, கேபிளை மாற்றியாயிற்று. அப்புறம் ட்ரங்கேட் கமாண்டில் அளவு 0 என்று கொடுத்து ஃபைலைக் காலி செய்தோம். ஜர்னல்சிடிஎல் கமாண்டின் வேக்யூம் சைஸ் ஆப்ஷனில் 200எம் (அதாவது 200 எம்பி) கொடுத்தால், ஜர்னல் என்ற இன்னொரு லாக்கின் பழைய பதிவுகளும் குறையும். இந்த இரண்டு கமாண்டுகளுக்கும் முன்னால் சுடோ (அட்மின் அனுமதியோடு இயக்கச் சொல்வது) போட மறக்காதீர்கள்.