சி மொழியில் நல் பாயிண்டரை (எந்த இடத்தையும் சுட்டாத வெற்று பாயிண்டரை) ஃப்ரீ செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். நல் பாயிண்டர் வந்தால், மாலாக் ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும் ஃபங்ஷனான ஃப்ரீ ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும் என்பது 1989-ல் வந்த ஆன்சி சி தரத்திலிருந்தே விதி. அதனால் ஃப்ரீக்கு முன்னால் ‘நல் இல்லையென்றால்’ என்று ஓர் இஃப் இருந்தால், ரிவ்யூவில் அதை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

ஆனால் இந்த உறுதி ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ஃப்ரீக்கு மட்டும்தான். சிறு கருவிகளுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் ஹீப்_4 என்ற நினைவகக் கோப்பில் உள்ள விபோர்ட்ஃப்ரீ நல்லைக் கண்டால் சும்மா திரும்பிவிடும். நெட்வொர்க் லைப்ரரியான எல்டபிள்யூஐபியின் பிபஃப்_ஃப்ரீ, அசெர்ட் (பிழை கண்டால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) இயங்கும் பில்டில், அங்கேயே நிறுத்திவிடும். எதைக் கூப்பிடுகிறீர்களோ அதன் சோர்ஸைத் திறந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

ஒரு மாட்யூலின் நினைவகத்தை எல்லாம் விடுவிக்க நாமே எழுதும் டெஸ்ட்ராய் ஃபங்ஷனில்தான் உண்மையான ஆபத்து. கான்டெக்ஸ்டின் (மாட்யூலின் தகவல்களை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்) பாயிண்டர் நல் மதிப்பாக வருகிறது, நீங்கள் பார்க்காமல் அதன் முதல் மெம்பரான பஃபரை ஃப்ரீ செய்கிறீர்கள் என்று வையுங்கள். பிசியில் அந்த இடத்திலேயே கிராஷ் ஆகும், பிழை தெரிந்துவிடும். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரில் ஃபிளாஷிலிருந்து பூட் ஆகியிருந்தால் 0 முகவரியில் (நல் சுட்டும் இடம்) தெரிவது வெக்டர் டேபிள், அதாவது சிப் தொடங்கும்போது வாசிக்கும் பட்டியல். அதன் முதல் வேர்டு ஸ்டாக்கின் தொடக்க மதிப்பு. 20 கேபி ரேம் உள்ள எஃப்103-ல் பெரும்பாலும் ஹெக்ஸில் 20005000. பார்வைக்கு நல்ல ரேம் முகவரி! அது அப்படியே ஃப்ரீயிடம் போகும். அலகேட்டர் (மாலாக், ஃப்ரீக்குப் பின்னால் நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி) அதற்குச் சற்று முன்னால் கிடக்கும் ஸ்டாக் டேட்டாவை பிளாக் ஹெடர் (நினைவகத் துண்டின் அளவு முதலிய குறிப்பு) என்று நம்பி வாசிக்கும். அப்புறம் சம்பந்தமே இல்லாத வேறொரு மாலாக்கில் போர்டு தொங்கும்.

எனவே டெஸ்ட்ராய்க்குக் கான்டெக்ஸ்ட் பாயிண்டரின் முகவரியைக் கொடுங்கள். முதல் வரியில் அந்த முகவரியோ அதனுள் இருக்கும் பாயிண்டரோ நல் மதிப்பா என்று பாருங்கள், ஆம் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். டைமர், டிஎம்ஏ (சிபியு இல்லாமலே டேட்டாவை நகர்த்தும் வன்பொருள்), இன்டரப்ட் எதுவாக இருந்தாலும் முதலில் நிறுத்துங்கள்; அவை கூப்பிடும் கால்பேக் ஃபங்ஷனிடம் பழைய பாயிண்டரின் பிரதி இருந்தால், உங்களுடையதை நல் ஆக்கி என்ன பயன்? பிறகு உள்ளே உள்ள பஃபர்கள், கடைசியில் கான்டெக்ஸ்ட் என்று ஃப்ரீ செய்து, அழைத்தவரின் பாயிண்டரை நல் ஆக்குங்கள்.

இது சரியாக வேலை செய்ய, கான்டெக்ஸ்டை உருவாக்கியதுமே அதன் மெம்பர்கள் முழுவதையும் பூஜ்ஜியமாக்கியிருக்க வேண்டும். அப்போது இனிட் (கான்டெக்ஸ்டைத் தயார் செய்யும் ஃபங்ஷன்) பாதியில் தோற்றாலும் அதே டெஸ்ட்ராயையே கூப்பிடலாம், ஒவ்வொரு தோல்விக்கும் தனியாக கோட்டூ வரிகளால் ஏணி கட்ட வேண்டாம்.

டெஸ்டில் டெஸ்ட்ராய்க்கு நல் பாயிண்டரைக் கொடுத்துப் பாருங்கள், ஒரே வேரியபிளுக்கு இரண்டு முறை கூப்பிடுங்கள், இரண்டாவது மாலாக்கை வேண்டுமென்றே தோற்கடித்தும் ஓட்டுங்கள்.