கல்வெட்டு திறந்தபின் சோதனை முயற்சி ஏது?

ஜூன் பிறந்தால் சபையின் வாலிபர் சங்கத்தில் ஒருவர் எழுந்து, "இந்த வருஷம் ஏரியாப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் ஆரம்பிப்போம்" என்பார். நல்ல யோசனைதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் சேகரத்துக்குச் சேகரம் (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகள்) மாறாமல் இருக்கிறது. ஜெபிக்காமல் தொடங்குவது, கணக்கு எழுதாமல் விடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடலாம்.

முதல் நாளே திறப்பு விழா

பணத்தையும் ஆளையும் சேர்த்துத் தின்பது இதுதான். ஒரு பிள்ளைகூட வந்து உட்காருமுன் வாடகை அட்வான்ஸ், பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளெக்ஸ், பேராயரிடம் தேதி, சுவரில் கருங்கல் கல்வெட்டு. ஆகஸ்டில் கூட்டம் பாதியாகும். ஐந்து மணிக்குத் தெருவில் தண்ணீர் வருகிறது, பிள்ளைகள் குடம் தூக்கப் போகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். நேரத்தை மாற்றலாம், நிறுத்தியும் விடலாம். ஆனால் பேராயர் திறந்துவைத்ததை நிறுத்தச் சொல்வது யார்? கமிட்டியில் வாய் திறப்பவருக்கு "விசுவாசக் குறைவு" என்று பேர். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கியதும் சொல்லித்தரும் வாலிபர்கள் அங்கே போய்விட, கதவில் பூட்டுத் தொங்கும். அடுத்த ஐந்து வருஷத்துக்கு யார் புதிதாக எதைக் கேட்டாலும், "டியூஷன் கதை தெரியுமில்ல?" என்று பொருளாளர் முடித்துவிடுவார். உண்மையான நஷ்டம் அதுதான்.

விழா இல்லாமல் 12 வாரம் நடத்துங்கள். ஜூன் பாதியில் தொடங்கினால் காலாண்டுப் பரீட்சைக்குள் முடிந்துவிடும். ஓய்வுநாள் பாடசாலை அறை, பாய், ஒரு வெள்ளைப் பலகை, 15 பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மாலை போதும். அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, செலவின் உச்ச வரம்பு, தொடரலாமா என்று பார்க்கப்போகும் மூவரின் பெயர் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். ஆறாம் வாரம் வருகைப் பதிவேட்டை எடுத்து, நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். வந்துகொண்டிருப்பவர்களைக் கேட்டால் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும். 12ஆம் வாரத்தோடு தானாக நின்றுவிட வேண்டும், தொடரத்தான் புதுத் தீர்மானம் தேவைப்பட வேண்டும். இதைத் தலைகீழாக்கி, நிறுத்துவதற்குத் தீர்மானம் கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள்.

ஆயரை மட்டும் நம்புவது

அவருக்கு மாறுதல் வரும். பொறுப்பை ஒரு சபையார் பெயரில் எழுதுங்கள்.

கிராண்டுக்குக் காத்திருப்பது

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது உள்ளூர்க் காணிக்கையை நம்பித்தான். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தங்கள் ஆட்களையே அனுப்பினார்கள்; சங்கத்தின் செயலராக இருந்த வி. எஸ். அசரியாவே 1909இல் அங்கே ஊழியத்துக்குப் போனார். 15 பிள்ளைகளின் சுண்டலுக்கு டயோசிஸின் (பேராயரின் மண்டலம்) கையை எதிர்பார்ப்பானேன்?

நோக்கத்தை மறைப்பது

டியூஷன் என்று கூப்பிட்டுவிட்டு இரண்டாம் வாரம் கிறிஸ்தவப் பாட்டும் சாட்சியும் சேர்ப்பார்கள். பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்கள், சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். டியூஷன் என்றால் டியூஷன் மட்டும். விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவதானால் நோட்டீஸில் விபிஎஸ் என்றே அச்சடித்து, பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குவது

வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, உங்களுக்கு லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்).