கலண்டரைப் பார்க்காமல் தொழில் தொடங்காதீர்கள்

காலபோக நெல்லை விற்ற காசு மாசி, பங்குனியில் கையில் இருக்கும். வன்னிக் கிராமங்களில் கோழிக்கூடும் பெட்டிக்கடையும் முளைப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். வேறு வருமானம் தேடாமலும் முடியாது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருசம் சிறுபோகத்துக்கு எல்லா வயலும் விதைக்கக் கிடைக்காது. சரி, தொழில் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் காசு எப்போது போகும், எப்போது திரும்பி வரும் என்று பார்க்காமலே பலர் இறங்கிவிடுகிறார்கள்.

கோழியையே எடுங்கள். லேயர் குஞ்சு முட்டையிடத் தொடங்க 18 முதல் 20 கிழமை செல்லும். அதுவரை தீன் செலவு மட்டும்தான். இதற்குக் கிழமைத் தவணையில் நுண்நிதிக் கடன் எடுத்தால் என்ன ஆகும்? 50,000 ரூபாய்க்கு வருசம் 20 வீதம் என்று வைப்போம். 52 கிழமைகளில் 60,000 கட்ட வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,154 ரூபாய். முதல் முட்டையைக் காணுமுன் 20,000 ரூபாய்க்கு மேல் கட்டி முடித்திருப்பீர்கள். எங்கிருந்து கட்டுவது? இன்னொரு கடனிலிருந்துதான். எடுத்த காசில் பாதியைத் திருப்பிக் கட்டிய பிறகும் வட்டி முழு 50,000க்குமே ஓடுகிறது என்பதால் அந்த 20 வீதம் உண்மையில் 40 வீதத்தை நெருங்கும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. கடன்தான் வழியென்றால், முதல் சில மாதம் தவணை இல்லாமல் தருவார்களா என்று சிக்கனக் கடனுதவிச் சங்கத்திலோ வங்கியிலோ முதலில் கேளுங்கள். பத்து ஊர்க்கோழியோடு தொடங்குவதும் வெட்கமில்லை.

பெட்டிக்கடையில் ஆளை விழுத்துவது கடன் கொப்பி. ஊரார் எல்லோரும் உங்களைப் போலவே அறுவடைக்குப் பிறகுதான் கணக்குத் தீர்ப்பார்கள். மொத்த வியாபாரி அதுவரை பொறுப்பாரா? சாமான் எடுக்கக் கைக்காசு வேண்டும். கடைசியில் கடையும் வருசத்துக்கு ஒருமுறை விளையும் இன்னொரு வயலாகிவிடும். கடன் கொடுக்காமல் ஊரில் கடை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்புறம், வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து எடுத்த பருப்பையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பலரும் விடுகிற பிழை இதுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரே வருசம் மூன்று தையல் மெசின் வந்தது. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் பழைய ஆட்கள்தான்.

பனங்கிழங்கு வேலையில் போடும் முதல் குறைவு, ஆனால் கிழங்கு கிண்டும் காலமும் நெல் அறுவடையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும். இரண்டுக்கும் பெரும்பாலும் அதே ஒரு பெண்தான் ஓடுகிறாள். அவளுடைய நாளுக்கு யாரும் கூலி போட்டுப் பார்ப்பதில்லை. புழுக்கொடியலை, அதாவது அவித்த கிழங்கை, நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மலிந்த நேரத்தில் முழுவதையும் அள்ளிக் கொடுக்காதீர்கள்.

காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலைக்குப் போகும் பிள்ளைகள் கையில் வரும் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம். வேலையை விட்டு வரும்போது அங்கத்துவ இலக்கத்தை எழுதி எடுக்காமல் வந்தால், பிறகு அந்தக் காசைத் தேடி அலைய வேண்டும்.