காய்கறி வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய வேலை

சந்தையிலிருந்து வந்ததும் பையை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறோம் பாருங்கள், பாதிக் காய்கறி வீணாவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. வந்தவுடன் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு துணியில் கொட்டி, அடிபட்டது, நசுங்கியது, ரொம்பக் கனிந்தது என்று தனியாகப் பொறுக்கி வையுங்கள். அதெல்லாம் இன்றைக்கும் நாளைக்கும் சமைக்க. அழுகல் ஒட்டிக்கொண்டே போகும், ஒரு தக்காளி போனால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

அப்புறம் முக்கியமான விஷயம், எதையும் கழுவி வைக்காதீர்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். ஈரம் இருந்தால் பூஞ்சையும் அழுகலும் சீக்கிரம் வந்துவிடும்.

கொத்தமல்லியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வாடாமல் இருக்கக் கடையில் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் கட்டின் வெளிப்பக்கம் பச்சையாகத் தெரிந்தாலும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் சொதசொதவென்று இருக்கும், இரண்டே நாளில் அங்கிருந்துதான் கறுத்துக் கொழகொழவென்று ஆகும். முதலில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மஞ்சளானதையும் கறுத்ததையும் கிள்ளிப் போட்டுவிட்டு, வேரை நறுக்கி, மேல் ஈரம் போகும்வரை ஃபேன் காற்றில் பரப்பி வையுங்கள். வாடும்வரை விட்டுவிடக் கூடாது, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு வந்தால் சரி. பிறகு ஒரு டப்பாவில் அடியில் பருத்தித் துணி, நடுவில் தழை, மேலே இன்னொரு துணி, மூடி. துணி நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் தாராளமாகத் தாங்கும். பழைய வேட்டித் துண்டு இதற்கு அருமையாக இருக்கும். நிறைய பேர் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள், அது வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே செய்தித்தாளில் உணவைச் சுற்ற வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

கறிவேப்பிலைக்கும் இதே முறைதான், ஈரம் இல்லாமல் உருவி டப்பாவில் போட்டால் கொத்தமல்லியை விட அதிக நாள் வரும். பச்சை மிளகாய் என்றால் காம்பைக் கிள்ளிவிட்டு வையுங்கள், அழுகல் பெரும்பாலும் காம்படியில்தான் தொடங்கும். முருங்கைக்கீரையைக் கொத்தாக வாங்கினால் இரவு ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் உதறிப் பாருங்கள், இலையெல்லாம் தானாகவே உதிரும்; ஆனால் உதிர்ந்ததை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

அடுத்தது, எதை எதோடு வைப்பது. வாழை, மா, பப்பாளி, ஆப்பிள், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், வெள்ளரியும் மஞ்சளிக்கும், கேரட் கசக்கும். மாங்காயை அரிசிப் பானையில் புதைத்துப் பழுக்க வைப்பதும் இதே வாயுவைத் தப்ப விடாமல் பிடித்து வைக்கத்தான். ஆகவே சீக்கிரம் பழுக்க வேண்டும் என்றால் சேர்த்து மூடி வையுங்கள், தாங்க வேண்டும் என்றால் பழத்தையும் காயையும் பிரித்து வையுங்கள். கேரட், முள்ளங்கியின் தழையையும் வாங்கிய அன்றே வெட்டிவிடுங்கள், கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லாமே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும் என்பது தவறு. வாழைப்பழம் உள்ளே போனால் தோல் கறுத்துவிடும். தக்காளி மணத்தை இழக்கும், அதனால் பழுக்கும்வரை வெளியே, காம்பு இருந்த பக்கம் கீழே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வையுங்கள். நன்றாகப் பழுத்து, உடனே சமைக்க முடியாது என்றால் மட்டும் உள்ளே. கத்திரி, வெண்டை, வெள்ளரி மூன்றுக்கும் அதிகக் குளிர் ஆகாது, புள்ளி விழுந்து வழவழத்துப் போகும். இவற்றை இரண்டு மூன்று நாளைக்கு மேல் வாங்கிச் சேர்க்காமல் இருப்பதே நல்லது, வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிர் அதிகமாக இருக்கும் பின்சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள்.

உருளைக்கிழங்கும் வெளியேதான். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் சீக்கிரம் கருகி இனிக்கும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிவிடும், கசக்கும், அப்படிப் பச்சையானது சாப்பிட நல்லதல்ல. எனவே இருட்டான, காற்றோட்டமான மூலை. வெங்காயத்தை அதே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே சீக்கிரம் கெடும். சின்ன வெங்காயத்தை முறத்தில் பரப்புங்கள், பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு வைத்தால் வேர்த்துப் போய்விடும்.

எலுமிச்சை நேர்மாறு. வெளியே ஒரு வாரத்தில் தோல் கல்லாகும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில்கூடச் சாறு வற்றாமல் இருக்கும். தேங்காய் உடைக்கும்வரை குடுமியைப் பிய்க்காதீர்கள், உடைத்த பிறகு கண் இருக்கும் மூடியை முதலில் துருவிவிடுங்கள், சீக்கிரம் கெடுவது அதுதான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு, அல்லது அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் இரண்டு மண்பானை போதும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவே மணல், அந்த மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. நீர் ஆவியாகும்போது உள்பானை குளிரும். காற்று உலர்ந்திருக்கும் உள்மாவட்டங்களில், கோடையில் நன்றாக வேலை செய்யும். சென்னை மாதிரி புழுக்கமான கடலோர ஊர்களில் அவ்வளவு குளிராது. பானைகளுக்குப் பூச்சு எதுவும் அடிக்கக் கூடாது, நிழலும் காற்றும் இருக்கும் இடத்தில் வைத்து, காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் விட்டால் போதும்.