கதவடித் துரு: பட்டி பூசும் முன்

பழைய மாருதி 800 போன்ற கார்களில் கதவின் அடிவிளிம்பு பெரும்பாலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் வெளியேற அங்கே சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்தால் தண்ணீர் தேங்கும். மழைக்காலத்துக்கு முன் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள்.

பெயின்ட் கொப்பளித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்யும் பசை) வேண்டாம். வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங்தான், அதுவும் பேட்டரியைக் கழற்றிவிட்டு. உறுதியாக இருந்தால், 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் (இரும்பைக் காக்கும் அடிப்பூச்சு) அடித்து, காய்ந்தபின் மெல்லிசாகப் பட்டி. துருவின் மேலேயே பட்டி அப்பும் டிங்கர்களும் உண்டு. ஈரத்தை உறிஞ்சி அடுத்த மழையிலேயே உப்பிவிடும். கதவின் உட்புறம் துருத்தடுப்பு மெழுகு ஸ்ப்ரே அடிக்கும்போது துளைகளை அடைத்துவிடாதீர்கள்.