உங்கள் வியர்வையை எடை போடுங்கள்: ஓட்டக்காரர்களுக்கான தண்ணீர், உப்புக் கணக்கு

என் முதல் ஹாஃப் மாரத்தானில் நான் செய்த தப்பு, சொன்ன பேச்சைக் கேட்டதுதான். "தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிடணும், எந்த ஸ்டாலையும் விட்டுடாதே" என்றார்கள், நானும் விடவில்லை. கிளம்பும்போது ஒரு லிட்டர், வழியில் மேஜை கண்ட இடத்தில் எல்லாம் ஒன்றிரண்டு டம்ளர், அத்தனையும் வெறும் தண்ணீர். சென்னையில் ஜனவரி மாத அதிகாலை, நல்ல குளுமை, நான் ஓடியதோ நடைக்குக் கொஞ்சம் மேலே, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முடித்தபோது மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற வரவில்லை, தலை விண் விண் என்றது, வீட்டுக்கு வந்ததும் வாந்தி. "உடம்புல தண்ணி இல்ல, இன்னும் குடிடா" என்று அம்மா நீட்டிய செம்பையும் காலி செய்தேன்.

சாயங்காலம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்புச் சத்து, 131. அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர் அதை நீர்க்கவைத்திருந்தது. 135க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. டாக்டர் எடை எவ்வளவு என்று கேட்டார். காலையில் 71.2 கிலோ, அப்போது 72.3. மூன்று மணி நேரம் ஓடி ஒரு கிலோ ஏறிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று வெட்கமாக இருந்தது. இல்லையாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் இப்படி இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்தான் அதிகம் மாட்டியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் எனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று அளக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேர வேலை, செலவு பெரிதாக இல்லை. ஓடுவது எப்படி, ஷூ எது என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு மணி நேரம் விடாமல் ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ முடிகிறவர்களுக்கான பதிவு இது.

1. எடை மெஷின்

கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கும் சாதாரண டிஜிட்டல் மெஷின் போதும், 100 கிராம் வித்தியாசம் காட்டினால் சரி. முள் ஓடும் பழைய மெஷின் வேண்டாம், அதில் அரை கிலோ அங்கே இங்கே இருப்பது கண்ணுக்கே தெரியாது. கொழுப்பு சதவீதம், எலும்பு எடை எல்லாம் போனுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் மெஷினுக்கு நான் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். மிதியடி மேல் வைக்காதீர்கள், தரையில் ஆடாத ஒரு டைல்ஸைப் பார்த்து எப்போதும் அங்கேயே வையுங்கள். (மெஷின் செய்யும் ஒரு தில்லுமுல்லு பற்றிக் கீழே பிற்சேர்க்கையில் இருக்கிறது, அதைப் படிக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.)

2. ஓட்டம்

வழக்கமாக ஓடும் நேரம், வழக்கமான வேகம், சரியாக ஒரு மணி நேரம். டாய்லெட் போய்விட்டு எடை பாருங்கள். கையில் எடுத்துப்போகும் தண்ணீர் எத்தனை மிலி என்று தெரிந்திருக்க வேண்டும். நான் 500 மிலி பாட்டில் எடுத்துப்போய், திரும்பி வந்து மிச்சத்தை அளக்கும் டம்ளரில் ஊற்றிப் பார்ப்பேன். வழியில் இளநீர்க் கடை கூப்பிடும், அன்றைக்கு மட்டும் போகாதீர்கள்.

3. உடை (நான் விழுந்த குழி)

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதல் ஒரு மாதம் எனக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்க்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போகும்போது டீ-ஷர்ட், ஷார்ட்ஸ், சாக்ஸோடு மெஷினில் ஏறினேன், வந்ததும் அதே உடையில் ஏறினேன். அதே துணிதானே, முன்னும் பின்னும் சமமாகக் கழிந்துபோகும் என்று நினைப்பு. கழியாது. உடம்பை விட்டுப் போன வியர்வையில் ஒரு பங்கு துணியிலேயே உட்கார்ந்துகொண்டு மறுபடி உங்களோடு மெஷினில் ஏறுகிறது.

எவ்வளவு என்று பார்க்க ஒருநாள் ஈரத்துணியைச் சமையல் தராசில் போட்டேன். காய்ந்தபோது 140 கிராம் இருந்த டீ-ஷர்ட் 420. ஷார்ட்ஸ் 110இலிருந்து 230. சாக்ஸ், நம்ப மாட்டீர்கள், 40இலிருந்து 140. மொத்தம் அரை லிட்டர் வியர்வை துணியில் இருந்தது! அந்தத் தராசில் இப்போது யாரும் மாவு எடை போடுவதில்லை, அது வேறு கதை.

அதனால் முறை இதுதான். போகும் முன் கதவைச் சாத்திக்கொண்டு உடை இல்லாமல் எடை. வந்ததும் தண்ணீர் குடிக்காமல், குளிக்காமல், நேராக அறைக்குள் போய் எல்லாவற்றையும் கழற்றி, துண்டால் முகம், கழுத்து, முதுகு, முக்கியமாகத் தலைமுடியை நன்றாகத் துடைத்து, பிறகு எடை. நீளமான முடி இருப்பவர்கள் பின்னலைப் பிரித்துத் துடைக்க வேண்டும், பின்னலுக்குள் நிறையவே நிற்கும்.

4. கணக்கு

போகும்போது இருந்த எடையில் வந்தபோது இருந்ததைக் கழியுங்கள், குடித்ததைக் கூட்டுங்கள், நடுவில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழியுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடையது: 71.4, வந்ததும் 70.2, குடித்தது 300 மிலி. ஆக ஒரு மணி நேரத்துக்கு 1.5 லிட்டர்.

இது மே மாதம், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில். அதே நான் ஜனவரியில் 900 மிலி. 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் ஒரு டிசம்பர் காலை ஓடியபோது அதைவிடவும் குறைவு. ஆகவே ஒரு தடவை அளந்துவிட்டு ஆயுசுக்கும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று வேண்டும். நம் ஊர்க் கடலோரத்தில் இன்னொரு தொல்லை, வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது அது ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டுவதெல்லாம் வீண் செலவு. வெயிலில் ஓடிப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், பழகியபின் வியர்வை முன்னதாகவே, கூடுதலாகவே வரும், ஆனால் அதில் உப்பு குறைந்திருக்கும்.

5. எவ்வளவு குடிப்பது

போனதை எல்லாம் திரும்ப நிரப்ப வேண்டியதில்லை. எடையில் 2 சதவீதம் வரை இழக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. எனக்கு அது 1.4 கிலோ. வெயில் காலத்தில் இரண்டே கால் மணி நேரம் ஓடினால் சுமார் 3.4 லிட்டர் போகும், 1.4ஐ விட்டுவிட்டால் 2 லிட்டர் குடிக்க வேண்டும், மணிக்கு 900 மிலி. காகிதத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் ஓடும்போது என் வயிறு 700க்கு மேல் வாங்குவதில்லை, பாதி நிரம்பிய குடம் மாதிரி களக் களக் என்று ஆடும். 700 குடித்து 1.8 கிலோ இழக்கிறேன், 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடி முடிக்கும்போது எடை ஏறியிருக்கக் கூடாது, அதில் மட்டும் சமரசம் கிடையாது. தாகம் இல்லை என்றால் மேஜையைத் தாண்டிப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

6. உப்பு

ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிராம் வரை சோடியம் இருக்கலாம், ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். காய்ந்த தொப்பியிலும் டீ-ஷர்ட்டிலும் வெள்ளைக் கோடு வரைபடம் மாதிரி படிகிறதென்றால் நீங்கள் உப்புக் கட்சி. ஒரு கிராம் சாப்பாட்டு உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம்.

நான் கலப்பது 500 மிலி பாட்டிலுக்கு 1 கிராம் உப்பு, 30 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். மணிக்கு 700 மிலி குடித்தால் சர்க்கரை 40 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும், நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இதெல்லாம் வேண்டாம், தண்ணீர் போதும்.

சரி, ஒரு கிராம் உப்பை எப்படி அளப்பது? சமையல் தராசு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். ஸ்பூன் கணக்கும் உதவாது, கல்லுப்பு ஒரு ஸ்பூனும் தூளுப்பு ஒரு ஸ்பூனும் ஒரே எடை கிடையாது. நான் செய்வது இது: 20 கிராம் உப்பை எடுத்து, மொத்தம் 200 மிலி வரும்படி தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துவிடுவேன். இருமல் மருந்து பாட்டிலின் மேல் கோடு போட்ட மூடி ஒன்று இருக்குமே, அதில் 10 மிலி எடுத்தால் சரியாக 1 கிராம் உப்பு. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

கடையில் கிடைப்பவை பற்றி என் அபிப்பிராயம்: ஓஆர்எஸ் பொட்டலம் வயிற்றுப்போக்குக்கு என்று உருவானது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும், அதில் கலந்திருக்கும் சிட்ரேட் என்ற இன்னொரு உப்பில் வருவதையும் சேர்த்தால் சோடியம் 1.7 கிராம் பக்கம். ஓடி முடித்தபின் குடிக்க அருமை, ஓடும்போது தெம்புக்குச் சர்க்கரை போதாது. பழச்சுவையில் அட்டைப்பெட்டியில் விற்பது பெரும்பாலும் வேறு சரக்கு, சர்க்கரைதான் அதிகம். அந்தக் கலவை இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. இளநீர் எனக்கு உயிர், ஆனால் அதில் பொட்டாசியம்தான் தாராளம், வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். ஓடி வந்தபின் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு, கூடவே பழைய சோறு என்பதற்கு ஈடாக நான் எந்த டப்பாவையும் வாங்கியதில்லை. உப்பு மாத்திரை கைவசம் வைத்திருக்கலாம், ஆனால் அதை விழுங்கிவிட்டு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் மாத்திரை காப்பாற்றாது.

7. எதில் எடுத்துப்போவது

பிதுக்கிக் குடிக்கும் மெத்தென்ற பை பாட்டில் இரண்டு, நெஞ்சுப் பக்கம் பாக்கெட் உள்ள வெஸ்ட். முதுகில் குழாயோடு வரும் தண்ணீர்ப் பையை வாங்கி, இரண்டு மாதத்தில் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்: எவ்வளவு குடித்தோம் என்று தெரியாது, குழாய்க்குள் கறுப்புப் பூஞ்சை வேறு. ஒரு பாட்டிலில் உப்புக் கரைசல், இன்னொன்றில் வெறும் தண்ணீர். தலையில் ஊற்றிக்கொள்ள வெறும் தண்ணீர்தான் லாயக்கு, எலுமிச்சை கலந்ததைக் கண்ணில் வழியவிட்டு ஒரு கிலோமீட்டர் குருடாக ஓடியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று, நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் முட்டி வலிக்காக ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை போடும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. சிறுநீரகத்துக்கும் கெடுதல், உடம்பு தண்ணீரைத் தேக்கிக்கொள்ளவும் வழி செய்யும். வேண்டாம். கூட ஓடுபவர் பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காதீர்கள். அது வெப்ப வாதமாகவும் (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம், சோடியம் இறங்கியதாகவும் இருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள், உடம்பு கொதித்தால் நிழலில் கிடத்தி நிறையத் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வியுங்கள்.

பிற்சேர்க்கை 1: "எத்தனை தடவை ஏறினாலும் ஓடுவதற்கு முன்னும் பின்னும் அதே எண்தான் வருகிறது, எனக்கு வியர்க்கவே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சில மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, புது எடை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பழையதையே காட்டிவிடும். நம்பகமானது என்று நாம் நினைக்க வேண்டுமாம்! நடுவில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறி இறங்குங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், உண்மையைச் சொல்லும். என் மெஷினும் இதே திருடன்தான் என்று அப்புறம் தெரிந்தது.

பிற்சேர்க்கை 2: வீட்டில் அப்பாவுக்காக வாங்கி வைத்த "சோடியம் குறைந்த" உப்பில் கரைசல் செய்ததாக ஒரு தோழி எழுதியிருந்தார். அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு, இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண தூளுப்பு போதும். இந்துப்பு போடலாமா என்றால் போடலாம், அதுவும் சோடியம் குளோரைடுதான், கூடுதலாக அதில் இருப்பது விலை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்காமல் தங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை 3: 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டும் சைக்கிள்காரர் ஒருவர், தனக்கு வியர்ப்பதே தெரிவதில்லை என்றார். காற்று உடனே உலர்த்திவிடுவதால் அப்படித் தோன்றும், எடை போட்டால் தெரியும். அந்த 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம் உண்டு என்பதால் அவர்கள் பாட்டிலை மட்டும் நம்ப வேண்டாம், வழியில் நிறுத்தி இட்லி சாம்பாரே சாப்பிடலாம், உப்பு அதிலேயே வந்துவிடும்.

பிற்சேர்க்கை 4: உப்புக் கரைசல் பாட்டில் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மாமா ஃபிரிட்ஜைத் திறந்து ஜில் தண்ணீர் என்று நினைத்து ஒரே மடக்கில் வாய் நிறைய ஊற்றிக்கொண்டார், அந்தச் சுவரை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.