பனிமூட்டத்தில் கையால் போகஸ் பிடிப்பது

இலங்கை மலையகத்தின் நானுஓயா, அம்பேவெல பக்கம் மூட்டம் இறங்கிவிட்டால் ஓட்டோ போகஸ் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு வெளிச்ச வேறுபாடுள்ள விளிம்பு ஒன்று வேண்டும். மூட்டத்தில் அது கரைந்துபோகிறது. வெயில் நாளிலும் கொழுந்து எடுப்பவரின் முகத்தைக் குறிவைத்தால் முன்னாலிருக்கும் தேயிலைச் செடியில் போய் நின்றுவிடும். இங்கெல்லாம் கைதான் உதவும். கீழே உள்ளது டிஎஸ்எல்ஆர் கெமராக்களுக்கான முறை.

முதலில் டயொப்டர், அதாவது வியூபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளை) உங்கள் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்யும், அதன் ஓரத்துச் சிறு சக்கரம். லென்ஸை வெளிறிய வானத்துக்குக் காட்டி, உள்ளே தெரியும் போகஸ் புள்ளிகளின் கோடுகள் கூர்மையாகும்வரை திருப்புங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பக்கூடாது. மூக்குக்கண்ணாடியோடு படம் எடுப்பவர்கள் அதை அணிந்தபடியே செய்ய வேண்டும். பிறகு லென்ஸ் சுவிட்சை எம்எஃப் (கையால் போகஸ்) பக்கம் தள்ளுங்கள். கெமராவோடு வரும் மலிவான கிட் லென்ஸ்களில் இதைச் செய்யாமல் போகஸ் வளையத்தைத் திருகினால் உள்ளே பற்சக்கரம் கெடலாம்.

கண் ஏமாறுவது இனித்தான். பல பழைய பிலிம் கெமராக்களில், வியூபைண்டரில் காட்சி விழும் திரையின் நடுவில், போகஸ் பிசகினால் காட்சியை இரண்டாக விலக்கிக் காட்டும் பிளவு வட்டம் இருந்தது. இன்றைய திரை வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது, ஏறத்தாழ எஃப்/2.8ஐ விட அகலமான துவாரத்தில் (எஃப் எண் சிறிதானால் துவாரம் அகலம்) கூர்மையான பகுதி எவ்வளவு குறுகுகிறது என்பதை அது காட்டாது. எஃப்/1.8 லென்ஸில் கண்ணும் காதும் சேர்ந்தே கூர்மையாகத் தெரியும், படத்தில் காது மட்டும் கூர்மையாக விழும். ஆகவே போகஸ் பிடிபட்டதும் வியூபைண்டரில் எரியும் பச்சைப் புள்ளியையும் கேளுங்கள். ஒரேயொரு போகஸ் புள்ளியைத் தேர்ந்து, ஆளின் கண்மீது வைத்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடி வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பச்சை எரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அது ஒரு சிறு தூரம் முழுக்க எரியும். அணையும்வரை போய், திரும்பி அந்தத் தூரத்தின் நடுவில் நில்லுங்கள். பல நிக்கொன் கெமராக்களில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென அம்புக்குறியும் காட்டும்.

பச்சைப் புள்ளியும் ஓட்டோ போகஸின் அதே உணரியை நம்பியிருப்பதால் கடும் மூட்டத்தில் தடுமாறும். அப்போது அதே தூரத்திலுள்ள கூடை விளிம்பிலோ கம்பத்திலோ பிடியுங்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில், கோச்சி வருமுன்பே இஞ்சின் முகம் வரவேண்டிய இடத்துச் சிலிப்பர் கட்டையில் பிடித்து, வளையத்தைத் தொடாமல் காத்திருங்கள். சூம் அளவை முன்னரே முடிவுசெய்யுங்கள். பல சூம் லென்ஸ்களில் பிறகு மாற்றினால் போகஸ் நகர்ந்துவிடும். தூரத்து மலைக்கு வளையத்தைக் கடைசிவரை திருகாதீர்கள், ஓட்டோ போகஸ் லென்ஸ் முடிவிலியையும் தாண்டிப் போகும்.

போகஸ் எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகினால், ஸ்டாண்டில் வைத்து, சாய்த்த பத்திரிகையின் ஒரு வரியில் லைவ் வியூவில் (பின்புற எல்சிடியில் பார்க்கும் முறை) 10 மடங்கு பெருக்கிப் போகஸ் செய்யுங்கள். லைவ் வியூவை அணைத்து வியூபைண்டரில் பார்க்கையில் அந்த வரி கலங்கினால் வியூபைண்டர் திரையோ உள்ளிருக்கும் கண்ணாடியோ இடம் மாறியிருக்கிறது. அது பழுதுபார்ப்பவரின் வேலை. திரை பிளாஸ்டிக், விரல் பட்டாலே கீறும். கெனன் 5டி மார்க் 2இல் திரையை மாற்ற வசதியுண்டு. அகலத் துவார லென்ஸ்களுக்கு ஈஜி-எஸ் திரை நல்லது, ஆனால் எஃப்/4 லென்ஸில் இருண்டு தெரியும். மாட்டியதும் மெனுவில் திரை வகையையும் மாற்றுங்கள், இல்லையேல் ஒளி அளவீடு பிழைக்கும்.